முப்பத்தொன்பதாம் நிரல்

எங்கள் காலனியில் ஆட்களுக்கு மனை எண்தான் பெயர். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மூன்று குறுக்குத் தெருக்களில் நாற்பத்தாறு வீடுகள். மனை பிரித்தபோது கல்லில் சிவப்புச் சாயத்தால் எழுதிய எண்கள், வீடு கட்டி வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகும் போகவில்லை. பதினெட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது, இருபத்தேழு பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றுதான் பேசிக்கொள்வோம். என் அம்மா பள்ளி ஆசிரியை. தெருவுக்கு அவர் பன்னிரண்டு டீச்சர். நான் பன்னிரண்டு பையன். இதில் கவனிக்க ஏதாவது இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால், செய்த தவறுகளில் ஒன்றையாவது செய்யாமல் இருந்திருப்பேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய வயது, சாதி, படிப்பு, வேலை இவற்றைக் கேட்டுப் பட்டியல் போட வேண்டும் என்பதே அதுவரை நான் கற்றது. நூலகத்தில் தற்செயலாகக் கையில் எடுத்த ஒரு புத்தகம் அதை மாற்றியது. அதில் பக்கத்துக்குப் பக்கம் புள்ளிகளும் கோடுகளும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். ஒருவர் இன்னொருவரிடம் யோசனை கேட்டாலோ உதவிக்குப் போனாலோ இருவருக்கும் நடுவில் ஓர் அம்பு. அந்த ஆள் யார் என்று புத்தகம் கேட்கவே இல்லை. யாரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறார் என்று மட்டும் கேட்டது. சமூக வலைப்பின்னல் ஆய்வு என்று அதற்குப் பெயர். எங்கள் துறையில் அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு மாதம் நானே உட்கார்ந்து படித்தேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது அதன் ஒழுங்கு. எத்தனை சிக்கலான தெருவையும் ஒரு கட்டத்தாளில் அடக்கிவிடலாம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒன்று முதல் நாற்பத்தாறு வரை வீடுகள். தலைப்பிலும் இடமிருந்து வலமாக அதே நாற்பத்தாறு. ஏழாம் வீடு முப்பத்தொன்றாம் வீட்டின் பெயரைச் சொன்னால், குறுக்கே ஓடும் ஏழாம் நிரையும் கீழே இறங்கும் முப்பத்தொன்றாம் நிரலும் சந்திக்கும் கட்டத்தில் ஒன்று. சொல்லாவிட்டால் பூஜ்யம். குறுக்கே கூட்டினால் ஒரு வீடு எத்தனை பேரைத் தேடிப் போகிறது என்று தெரியும். கீழ்நோக்கிக் கூட்டினால் அந்த வீட்டை எத்தனை பேர் தேடி வருகிறார்கள் என்று தெரியும். இப்படிக் கட்டங்களில் அடுக்கிய எண்களைக் கணிதத்தில் அணி என்பார்கள்; அந்த அணியை அதே அணியால் பெருக்கினால், நேரே தெரியாத இருவரை நடுவில் ஒருவர் சேர்த்துவைக்கும் வழிகள் எல்லாம் எண்களாக வந்து நிற்கும். எந்தப் புள்ளியை எடுத்துவிட்டால் வலை இரண்டாகப் பிரியும் என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். அதற்கு வெட்டுப்புள்ளி என்று நானே தமிழில் பெயர் வைத்துக்கொண்டேன். ஒருவரும் தேடி வராத புள்ளிக்குத் தனிப்புள்ளி.

ஆய்வுக்கு எங்கள் காலனியையே எடுத்துக்கொண்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் சம்மதித்தார். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவு: "ஓர் அவசரம் என்றால் நீங்கள் முதலில் போகும் மூன்று வீடுகள் எவை?"

மூன்று என்பது என் தேர்வு. புத்தகத்தில் இருந்த சில ஆய்வுகளும் அப்படிச் செய்திருந்தன என்பது ஒரு காரணம். ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் சரியாக மூன்று வரும், மொத்தம் நூற்று முப்பத்தெட்டு வரும், பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும் என்பது உண்மையான காரணம். சிலர் நான்கு சொல்ல வந்தார்கள், சிலர் பேசிக்கொண்டே போனார்கள். "மூணு போதும் சார்," என்று நிறுத்திவிடுவேன். ஆனால் காதில் விழுந்ததைக் குறிக்காமல் விடவும் எனக்கு வராது. அச்சிட்ட படிவத்தில் மூன்று விடைகளைப் பேனாவால் எழுதிவிட்டு, மற்றப் பேச்சை ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் கிறுக்கி வைத்தேன். அதைத் திரும்பப் படிக்கப் போவதாக எனக்கு எண்ணம் இல்லை.

முப்பத்தொன்பதாம் வீட்டு அக்காவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தெட்டு இருக்கும். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள்; பிள்ளைகள் இல்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்தார். அவர் எப்போதும் வீட்டில் இருப்பார் என்பதுதான் காலனிக்கு அவரைப் பற்றி முதலில் தெரிந்த விஷயம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகள் எங்களிடையே நிறைய. எட்டேகாலுக்குள் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை முப்பத்தொன்பதில் கொடுத்துவிட்டுப் போவார்கள். தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு பலகை. அதில் இரண்டு வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு சாவியிலும் அவரே ஒரு கலர் நூல் கட்டி வைத்திருந்தார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுச் சாவி வாங்கிக்கொள்ளும். காஸ் சிலிண்டர் வந்தால் அவர் எழுந்துபோய் அந்த வீட்டைத் திறந்து இறக்கிவைக்கச் சொல்வார். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து, காய்ச்சலோடு பாதியில் திரும்பிவந்த பிள்ளைக்கு ரசம் சாதம், எல்லாம் சாவியோடு சேர்ந்தவை.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போக, நான் கல்லூரிக்குப் போக, எங்கள் வீட்டுச் சாவியும் அந்தப் பலகையில்தான் தொங்கியது. வாரத்தில் நான்கு நாளாவது நானே போய் வாங்கியிருக்கிறேன். அவர் தையலிலிருந்து தலை நிமிராமல் கையை மேலே நீட்டிச் சரியான சாவியை எடுத்துத் தருவார்.

அவருடைய தம்பி பொழிச்சலூரில் வீடு கட்டி மாடியில் ஓர் அறையும் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவார். அக்கா தனியாக இருக்க வேண்டாம், தன்னோடு வந்துவிட வேண்டும் என்பார். "இங்க யாருக்கா இருக்காங்க உனக்கு?" என்று அவர் கேட்பதும், "ஏன், மூணு தெரு இருக்கே" என்று இவர் சொல்வதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. போவதா இருப்பதா என்ற அந்த ஒரு விஷயம் அவர் வாழ்க்கையில் தீராமல் இருந்தது. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் எல்லாம் செய்தேன்.

அவரிடமும் கேள்வியைக் கேட்டேன். எல்லோரையும்விட அதிக நேரம் யோசித்தார். "மூணு பேர்தானா?" என்றார். பிறகு பக்கத்து வீடு நாற்பது, சங்கச் செயலாளர் வீடு முப்பத்தொன்று என்று சொன்னார். மூன்றாவதாக, "பன்னெண்டு எழுதிக்கோ தம்பி. உங்க அம்மா," என்றார். எழுதிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு விடுமுறை நாளில் கட்டத்தாள்களை மைதா பசையால் ஒட்டி ஹாலில் விரித்து நிரப்பினேன். மொத்தம் நூற்று முப்பத்தெட்டு வந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் டைரியில் இருக்கிறது. படிக்கக் கூச்சமாக இருக்கிறது. முப்பத்தொன்றாம் நிரலுக்கு இருபத்தொன்பது. காலனியில் டெலிபோன் இருந்த வீடு அது. கார் வைத்திருந்த நான்காம் வீட்டுக்கு இருபத்திரண்டு. முப்பத்தொன்பதாம் நிரலில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். இரண்டு முறை சரிபார்த்தேன். நாற்பத்தாறு வீடுகளில் தனிப்புள்ளி அது ஒன்றுதான். கணவரை இழந்து தனித்திருக்கும் பெண் புறநகர்க் காலனியின் உதவி வலைக்கு வெளியே நிற்கிறாள் என்று நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு முடிவு கிடைத்தது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, இதுதான் ஆய்வின் இதயம் என்றார். நான் தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

காணும் பொங்கலன்று காலனி விழா. இன்னும் வீடு கட்டாமல் காலியாக இருந்த நாற்பத்தேழாம் மனையில் பந்தல் போட்டு, கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், மதியம் சாப்பாடு. செயலாளர் என் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டு, படத்தைப் பெரிதாக வரைந்து வைக்கும்படி கேட்டார். ஆய்வில் யாருடைய அடையாளமும் வெளிப்படக் கூடாது, பெயருக்குப் பதில் எண் தர வேண்டும் என்று படித்திருந்தேன். அதன்படி எண்களையே போட்டேன். மனை எண்களை. என் கட்டத்தாளும் படிவங்களும் அந்த எண்களில்தான் இருந்தன, மாற்றுவது வேலை. பெயர் எழுதவில்லை என்பதால் விதியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பெயர்களுக்குப் பதிலாக எண்களாலேயே அழைத்துக்கொள்ளும் மனிதர்கள் நடுவில் அந்தச் சார்ட்டை மாட்டினேன்.

ஐந்து நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தேடினார்கள். முப்பத்தொன்றைப் பார்த்து, "சார் மேல இவ்ளோ அம்பு பாய்ஞ்சிருக்கே, உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார் ஒருவர். செயலாளருக்கு முகமெல்லாம் பூரிப்பு. மூலையில் தனியாக ஒரு புள்ளி. அதிலிருந்து மூன்று அம்புகள் வெளியே போயின. உள்ளே ஒன்றும் வரவில்லை.

"என்ன முப்பத்தொம்பது, உங்க தெரு மட்டும் ஒன்வே ஆயிடுச்சா?" என்றார் செயலாளர். கெட்ட மனிதர் இல்லை, விழா உற்சாகம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். மறுநாள் காலை அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடப் போகிறவர்கள்தான் சிரித்தவர்களில் பாதிப்பேர். நானும் சிரித்தேன்.

அவருடைய தம்பி சாப்பிட வந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து சார்ட்டின் முன் நின்றார். அவர் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நீ மூணு பேரைச் சொல்லியிருக்க. உன்னை ஒருத்தர் சொல்லலியேக்கா."

மறுநாள் மாலை சாவி வாங்கப் போனேன். அக்கா மெஷினை நிறுத்தியிருந்தார். உட்காரச் சொன்னார். பலகையில் பாதிச் சாவிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

"தம்பி, அந்தப் படத்துல ஏதாவது தப்பு இருக்குமா?"

நான் யோசிக்கவே இல்லை. "இல்லக்கா. எல்லா வீட்லயும் நானே கேட்டு எழுதினது. ரெண்டு தடவ சரிபார்த்துட்டேன். தப்பு வராது."

"சரிப்பா," என்றார். கையை நீட்டி எங்கள் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அந்த நிமிஷத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் கையில் என் வீட்டுச் சாவி. தலைக்குமேல் மற்றவர்களின் சாவிகள். நான் வலைப்பின்னல் படித்தவன். அந்தச் சுவரைப் பார்த்து ஓர் அம்பையாவது கற்பனை செய்திருக்கலாம். எனக்கு அது சுவராகத்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பின்னிணைப்பு தயாரிப்பதற்காகப் படிவங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்றாம் வீட்டுப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலில்: "சாவி மட்டும் 39-ல்." ஏழாம் வீடு: "சாவி, சிலிண்டர் 39. அதெல்லாம் எழுதணுமா என்றார். வேண்டாம் என்றேன்." பதினொன்று: "பிள்ளை சாயங்காலம் வரை 39-ல் இருக்கும், ஆனால் அது உதவி இல்லையே என்றார்." ஒரு தனித் தாளில் கோடு போட்டு எண்ணினேன். பத்தொன்பது வீடுகள்.

அவசரம் என்றதும் மக்களுக்கு டெலிபோனும் காரும் நினைவுக்கு வந்திருக்கின்றன. தினமும் காலையில் செய்வது யாருக்கும் அவசரமாகப் படவில்லை. படாவிட்டாலும் சொல்லியிருக்கிறார்கள், நான்காவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று போதும் என்று நிறுத்தியவன் நான். பத்தொன்பது அம்புகளையும் சேர்த்து அணியை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தெருவையும் மூன்றாம் தெருவையும் சேர்க்கும் வழிகளில் பெரும்பாலானவை முப்பத்தொன்பது வழியாகவே போயின. வெட்டுப்புள்ளி என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான். நான் மூலையில் தள்ளி வரைந்த புள்ளி.

ஒரு சின்ன விஷயம் அன்று இடறியது. பலகையில் இருபது சாவிகள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து ஆணி. ஓரக் குறிப்புகள் பத்தொன்பதுதான். ஏதோ ஒரு வீட்டார் சொல்ல மறந்திருப்பார்கள் என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் போனேன். அவர் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, எதை உறவு என்று கணக்கில் எடுப்பது என்பதை ஆய்வாளர்தான் வரையறுக்க வேண்டும், நீ அவசர உதவி என்று வரையறுத்திருக்கிறாய், அதில் உன் முடிவு சரியே என்றார். வேண்டுமானால் வருங்கால ஆய்வுக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள் என்றார். அவர் சொன்னது முறைப்படி சரி. மேற்குத் தாம்பரத்தில் டைப்பிங் முடிந்து நான்காம் அத்தியாயம் மூன்று பிரதிகளாக வந்துவிட்டிருந்தது. தொட்டால் அத்தியாயமே போய்விடும். நான் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. டைரியில் எழுதியிருக்கிறேன்: "வைவா முடிந்ததும் 39-ல் சொல்ல வேண்டும்." முன்னால் சொன்னால் அவர் வேறு யாரிடமாவது சொல்வார், செயலாளர் காதுக்குப் போகும், பிறகு கல்லூரிக்கும் போகும் என்று ஒரு பயம். ஒரு தையற்காரப் பெண்மணியின் பேச்சு கல்லூரி வரை போய் என் பட்டத்தை நிறுத்திவிடும் என்று நம்பியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு நாட்கள் இருந்தன. அந்தப் புதனிலிருந்து அடுத்த வாரத்து ஞாயிறு வரை. அவற்றில் நான்கு நாட்கள் நானே போய் அவரிடம் சாவி வாங்கியிருக்கிறேன். டைரியில் நேரம்கூட இருக்கிறது. ஒருநாள் மழை வருவது போலிருந்ததால் பத்து நிமிஷம் உட்கார்ந்தும் இருக்கிறேன். அவர் காபி கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தொன்பது அக்கா ஒரு துணிப்பையோடு வீடு வீடாக வந்தார். பையில் சாவிகள். தம்பி வீட்டுக்குப் போவதாக முடிவு செய்துவிட்டதாகவும், வர வெள்ளிக்கிழமை சாமான் ஏற்றுவதாகவும், முன்பே சொன்னால்தான் மற்றவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடியும் என்றும் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து வந்து, என்ன இது திடீரென்று, இருங்கள், பேசலாம் என்றார். அக்கா சிரித்தபடி, வயசாகிறது டீச்சர், யாராவது பக்கத்தில் இருந்தால் நல்லதுதானே என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. சாவியை என் கையில் வைத்தார்.

அந்தச் சாவியில் அவர் கட்டிய நூல் இருந்தது. என் மேஜை இழுப்பறையில், இருபது அடி தூரத்தில், பத்தொன்பது என்று முடிவு எழுதிய தாள் இருந்தது. நான் சொன்னது ஒரே வார்த்தை.

"தேங்க்ஸ்க்கா."

வெள்ளிக்கிழமை டெம்போ வந்தது. பலகையைத் தம்பி கழற்றவில்லை. அடுத்து குடிவந்தவர்கள் அதில் காலண்டர் மாட்டினார்கள்.

மார்ச் மாதம் முழுக்கக் காலனியில் ஒரு தடுமாற்றம். பிள்ளைகள் சாயங்காலத்தில் பூட்டிய வாசல்படிகளில் உட்கார்ந்திருந்தன. சிலர் ஜன்னல் வழியாகச் சாவி போட்டார்கள். சிலர் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தார்கள். பதினொன்றாம் வீட்டம்மா வேலையை விட்டார். காஸ்காரர் மூன்றாம் தெருவில் நின்று என்னிடம் சண்டை போட்டார். "இன்னா சார், ஒரு வூடும் தொறந்து இல்ல. முப்பத்தொம்பது அம்மா எங்க போச்சு? சிலிண்டர எங்க வெச்சினு போறது, உன் தலைலயா?" வெட்டுப்புள்ளியை எடுத்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதைத் தெருவில் நின்று பார்த்தேன்.

ஏப்ரலில் வைவா நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நான்காம் அத்தியாயத்தைத்தான் பாராட்டினார். பட்டம் கிடைத்தது. வைவா முடிந்ததும் சொல்ல வேண்டும் என்று எழுதியவன், முடிந்ததும் போகவில்லை. பொழிச்சலூர் ஒன்றும் அயல்நாடு அல்ல. பல்லாவரத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் சங்கடத்தால் போகவில்லை. பிறகு இவ்வளவு நாள் போகாமல் இப்போது எப்படிப் போவது என்று போகவில்லை. கல்யாணம் ஆகி, ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஆய்வு முறைகள் கற்றுத்தரும் வேலை கிடைத்து, மேடவாக்கம் பக்கம் குடிபோனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் வகுப்பில் இதே வலைப்பின்னல் பாடம். மூன்று பெயர் கேட்கும் முறையை விளக்கினேன். பின்வரிசையில் ஒரு பெண், "சார், நாலாவதா ஒரு பேர் சொன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். எளிய கேள்விதான். நான் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டதில், வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிலர் எழுந்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, பைண்டு செய்து வைத்திருந்த படிவங்களை எடுத்துக்கொண்டு போனேன். முகவரியை நாற்பதாம் வீட்டில் வாங்கினேன். தெருவுக்குள் நுழையும்போது ஒரு விமானம் கூரைகளை உரசுவது போல இறங்கிச் சென்றது. தம்பி வாசலில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. துணி பிடித்த கையாலேயே மாடியைக் காட்டினார்.

அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அறை சுத்தமாக இருந்தது. தையல் மெஷின் மேல் பூப்போட்ட துணி விரித்து, அதன்மேல் ஒரு வாரப் பத்திரிகை அடுக்கு. சௌகரியத்துக்குக் குறைவில்லை என்றார். தம்பி மனைவி நல்ல பெண். இந்தத் தெருவில் யாரையும் அவ்வளவாகத் தெரியாது. அம்மாவை விசாரித்தார். காலனியில் ஒவ்வொரு வீட்டையும் எண் சொல்லி விசாரித்தார்; பதினொன்றின் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். படத்தில் தப்பு இருந்தது, தப்பு என்னுடையது என்றேன். படிவங்களை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஓரத்துப் பென்சில் எழுத்தை விரலால் தொட்டுப் படித்தார். சில இடங்களில் சிரித்தார். ஏழாம் வீட்டுப் பக்கத்தில் நின்று, "வேண்டாம் என்றேன்," என்று என் எழுத்தை வாய்விட்டுப் படித்தார். இன்னொரு விமானம் போனது. அது போகும் வரை காத்திருந்து அடுத்த பக்கம் திருப்பினார்.

"எப்ப பார்த்த இதை?"

"நீங்க சாவி திருப்பித் தர்றதுக்குப் பதினோரு நாள் முன்னாடிக்கா."

அவர் தலையசைத்தார். கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து, இந்த முறை உதடுகளை அசைத்து எண்ணத் தொடங்கினார். முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்தொம்பதுதான் இருக்கு. இருபது சாவி, தம்பி."

யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

எங்கள் வீட்டுப் படிவம் அது. அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை, எங்கள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று நானே மேஜையில் உட்கார்ந்து நிரப்பியது. முப்பத்தொன்று, நான்கு, பதினெட்டு. அச்சு போன்ற கையெழுத்து. கேட்க ஆள் இல்லாததால் நான்காவதாகப் பேச்சே வரவில்லை. ஓரம் வெள்ளையாக இருந்தது. அவர் தன்னுடைய மூன்றில் ஒன்றாகச் சொன்ன வீடு.

"உங்களுது பச்சை நூல்," என்றார். "மேல் வரிசைல மூணாவது ஆணி."

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. எடுத்தேன். அந்த ஓரத்தில் எழுதத்தான். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா படிவங்களை மூடி, என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப எதுக்குப்பா. அப்ப எழுதலதானே. அப்படியே இருக்கட்டும்."

காபி குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன். அம்மாவை ஒருநாள் கூட்டிவரச் சொன்னார். சரி என்றேன். பல்லாவரம் பஸ்ஸுக்கு நின்றபோது மணி ஐந்து பத்து. அந்தப் பக்கத்தில் ஓரம் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.